சேதாரம் எங்கே போகிறது? – இணைய ஆர்பிஜி கேள்வி-பதில்

சொந்தமாக ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு) நடத்துகிறவர்களும் அதில் ஆடுகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். கியர் (பாத்திரம் அணியும் ஆயுதம், கவசம்), க்ராஃப்டிங் (அவற்றைப் பட்டறையில் செய்வது), மேம்பாடு ஆகியவற்றைத் திருத்தி அமைப்பது பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். வாள் படம் வரைவது எப்படி என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

செந்தூல் வாசகர்: வணக்கம் ஐயா. நண்பர்கள் 6 பேர் சேர்ந்து ஒரு சின்ன ஆன்லைன் ஆர்பிஜி நடத்துகிறோம். ராத்திரியில் 300 பேர் வரை ஆடுவார்கள். 140 வாள், 90 ரெசிபி (செய்முறை) இருக்கிறது. ஆனால் ஒருத்தரும் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பாஸை (பெரிய எதிரியை) அடிக்கிறார்கள், விழுந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு போகிறார்கள். இன்னும் நல்ல ரெசிபி சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். முதலில் இருப்பதை எண்ணுங்கள். எக்செல் தாளில் ஒரு வாளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டம்: எந்த லெவலில் செய்யலாம், எந்த லெவலில் அணியலாம், வேறு எங்கெல்லாம் கிடைக்கிறது, விளையாட்டை விட்டு எப்படி வெளியே போகிறது. நான்காவது கட்டம் அநேகமாக எல்லா வரியிலும் காலியாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்த கேள்விகளில் வருவோம். பட்டறை ஏன் ஈ ஓட்டுகிறது என்பதற்கு முதல் இரண்டு கட்டமே பதில் சொல்லிவிடும்.

ரூன்ஸ்கேப்பைப் பாருங்கள். அதன் ஓல்டு ஸ்கூல் பதிப்பில் ரூன் பிளேட்பாடி என்ற மார்புக் கவசத்தை அணிய டிஃபென்ஸ் (தற்காப்புத் திறன்) 40 போதும் (ஒரு க்வெஸ்டும் முடித்திருக்க வேண்டும்). அதையே பட்டறையில் அடித்துச் செய்ய ஸ்மித்திங் (கொல்லுத் திறன்) 99 வேண்டும். 99தான் அந்தத் திறனின் உச்சி. ஒரு கவசத்துக்கு 5 ரூனைட் கட்டி. ஒரு கட்டிக்கு 1 ரூனைட் தாது, 8 நிலக்கரி. ஆக 5 தாது, 40 நிலக்கரி. மாதக்கணக்கில் சுத்தியல் பிடித்து உச்சிக்கு வந்த கொல்லன் செய்வது, பாதி வழியில் இருப்பவன் போட்டுக் கழற்றும் சட்டை. கொல்லனுக்கே அது வேண்டாம். பாஸ்களும் அதை உதிர்க்கின்றன. கடைசியில் ஹை ஆல்கெமி மந்திரத்தில் போட்டு 39,000 காசாக உருக்கிவிடுவதே அதன் முக்கிய உபயோகமாகிவிட்டது.

2019 ஜனவரியில் ரூன்ஸ்கேப் 3 தன் சுரங்க வேலையையும் கொல்லு வேலையையும் அடியோடு மாற்றி அமைத்தது. ரூனை 50ஆம் லெவலுக்கு இறக்கினார்கள். அதற்கு மேலே 60இல் ஒரிகால்கம், 70இல் நெக்ரோனியம், 80இல் பேன், 90இல் எல்டர் ரூன். செய்யும் லெவலும் அணியும் லெவலும் கைகோத்து நடக்க ஆரம்பித்தன.

உங்களுக்கு நாங்கள் சொல்லும் கணக்கு இது. செய்யும் லெவல், அணியும் லெவலை 5க்கு மேல் தாண்டக் கூடாது. 60 லெவல் விளையாட்டு என்றால் 6 படி வையுங்கள், ஒரு படிக்கு 5 ரெசிபி. 30 போதும். மிச்சம் 60ஐ மூட்டை கட்டி வையுங்கள்; அழிக்க வேண்டாம், அவற்றின் படங்கள் பிறகு உதவும்.

அடுத்து, பாஸ் முழு வாளை உதிர்ப்பதை நிறுத்திவிட்டுப் பாகத்தை உதிர்க்கச் செய்யுங்கள். 30ஆம் லெவல் வாள் ஒன்றுக்கு இப்படி வைக்கலாம்: இரும்புக் கட்டி 6, பிடிக்கு மரம் 2, தோல் வார் 1, பாஸ் சில்லு 1. ஒரு கட்டிக்கு 2 தாது, 1 நிலக்கரி என்றால் 12 தாது, 6 நிலக்கரி, மொத்தம் 18 கல். 10 நிமிடத்தில் 20 கல் வெட்டலாம் என்றால் அதற்கு 9 நிமிடம். மரமும் தோலும் இன்னொரு 6 நிமிடம். பாஸை ஒருமுறை அடிக்க 20 நிமிடம், சில்லு விழும் வாய்ப்பு 50 விழுக்காடு என்றால் சராசரி 40 நிமிடம். கூட்டிப் பார்த்தால் 55 நிமிடம். 30இலிருந்து 40ஆம் லெவலுக்குப் போக 8 மணி நேரம் ஆகும் விளையாட்டில் இந்த வாள் தாராளமாக வேலைக்கு ஆகும். வாளைச் செய்யவே 3 மணி நேரம் என்றால் ஒருவனும் தொட மாட்டான். செய்து முடிப்பதற்குள் அவன் லெவல் தாண்டியிருக்கும்.

பொருள் வகை நான்கைத் தாண்ட வேண்டாம். கட்டியிலிருந்து தகடு, தகட்டிலிருந்து ஆணி, ஆணியிலிருந்து பிடி என்று சங்கிலி நீள்வதும் வேண்டாம். தாது, கட்டி, வாள், அவ்வளவுதான். ஆட்டுத்தோல், மான்தோல், கரடித்தோல் என்று 9 வகைத் தோல் வைத்தால் பையில் இடம் போவதுதான் மிச்சம்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: எங்கள் சர்வரில் ஒருவன் இரண்டே இரவில் 40,000 இரும்புக் கட்டி சேர்த்துவிட்டான். லாக் (சர்வர் பதிவேடு) பார்த்தால் சுரங்கத்துக்கே போகவில்லை. வாள் செய்கிறான், உடைக்கிறான், மறுபடி செய்கிறான். ஹேக் என்று அடித்துத் தூக்கலாமா?

பதில்: அவனைத் தூக்குவதற்கு முன்னால் உங்கள் கணக்கைப் பாருங்கள். நீங்கள் எழுதிய விவரப்படி வாளுக்கு 5 கட்டி. கொல்லனின் உயர்ந்த திறன் 40 விழுக்காடு தள்ளுபடி தருகிறது, அதனால் அவனுக்கு 3 கட்டி போதும். உடைத்தால் 70 விழுக்காடு திரும்பும் என்று வைத்திருக்கிறீர்கள். ஆனால் அதை அவன் போட்ட 3இல் கணக்கிடாமல் ரெசிபியில் எழுதிய 5இல் கணக்கிடுகிறது உங்கள் நிரல். 5இல் 70 விழுக்காடு 3.5. மேல்நோக்கி முழுமையாக்கினால் 4. மூன்றைப் போட்டு நான்கை எடுக்கிறான். ஒரு சுற்றுக்கு ஒரு கட்டி லாபம், கூடவே அனுபவப் புள்ளியும் இலவசம். ஹேக் ஒன்றும் இல்லை, கூட்டல் கழித்தல் தெரிந்த ஆள்.

லிட்டில் இந்தியா நகைக்கடையில் பழைய வளையலைக் கொடுத்துப் புதியது எடுக்கப் போனால் என்ன நடக்கும்? செய்கூலி, சேதாரம் இரண்டும் கழியும். எவ்வளவு பேரம் பேசினாலும் கொண்டுபோன தங்கத்தைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டு யாரும் வெளியே வருவதில்லை. விளையாட்டுப் பட்டறைக்கும் அதே சட்டம்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது கொஞ்சம் உலகத்தை விட்டுப் போக வேண்டும்.

திருத்தங்கள் மூன்று. வாளைச் செய்தபோது உண்மையில் செலவான எண்ணிக்கையை அந்த வாளின் பதிவிலேயே எழுதி வையுங்கள். உடைக்கும்போது அதில் 50 விழுக்காடு கொடுங்கள். முழுமையாக்குவது எப்போதும் கீழ்நோக்கி. ஒரே ஒரு கட்டியில் செய்யும் ஆணி போன்றவற்றுக்கு 0.5 என்பது 0 ஆகும், பரவாயில்லை, ஆகட்டும். பிறகு ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதி, எல்லா ரெசிபிக்கும் எல்லாத் தள்ளுபடியும் சேர்ந்த மிகக் குறைந்த செலவையும், உடைத்தாலோ கடைக்காரனிடம் விற்றாலோ கிடைக்கும் மிக அதிக வரவையும் ஒப்பிடுங்கள். வரவு செலவைத் தொட்டாலே சிவப்பு. ஒவ்வொரு பேட்சுக்கும் (விளையாட்டின் புதுப்பிப்புக்கும்) முன்னால் இதை ஓட்டுங்கள். தள்ளுபடி தரும் திருவிழா நிகழ்வுகளையும் சேர்த்தே ஓட்டுங்கள்; தீபாவளி வாரத்தில்தான் இது வெடிக்கும்.

அந்த 40,000 கட்டியை எடுத்துவிடுங்கள். ஆளை விட்டுவிடுங்கள். அடுத்த முறை டெஸ்ட் சர்வரில் முதலில் உட்கார வைக்க வேண்டியவர் அவர்தான்.

பட்டர்வொர்த் வாசகி: மேம்படுத்தும்போது தோற்றால் ஆயுதம் உடைந்துபோகும் என்று வைத்திருக்கிறோம். +10க்கு (பத்தாவது மேம்பாட்டுப் படிக்கு) முயன்று உடைந்தவர்கள் மறுநாள் வருவதே இல்லை. உடைவதை எடுத்துவிட்டால் எல்லாரும் +10 ஆகிவிடுவார்களே?

பதில்: இந்த முறையை நம் ஊர் சைபர் கஃபே தலைமுறை ராக்னராக் ஆன்லைனில் பார்த்திருக்கும். அதில் முதல் நிலை ஆயுதம் +7 வரை, இரண்டாம் நிலை +6, மூன்றாம் நிலை +5, நான்காம் நிலையும் கவசமும் +4 வரை பாதுகாப்பு. அதற்கு மேலே ஒரு தட்டு (மேம்படுத்தும் முயற்சி) தவறினால் பொருள் போயிற்று.

எண்ணை வைத்துப் பார்த்தால்தான் இதன் கடுமை புரியும். +4க்கு மேல் ஒவ்வொரு படிக்கும் 60, 40, 40, 20, 20, 10 விழுக்காடு என்று வையுங்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் 0.0384 விழுக்காடு. ஒரு +10 வாளுக்குச் சராசரி 2,604 வாள் பலி. ஒரு படியைத் தனியாகப் பார்க்கும் ஆட்டக்காரர் "10 விழுக்காடுதானே, பத்துத் தட்டில் ஒன்று" என்று நினைப்பார். அவர் உண்மையில் ஏறுவது ஆறு படி, இடறினால் ஏணியே இல்லை.

உங்கள் பயமும் நியாயமே. உடைவது கொடுமைதான், ஆனால் ஆயுதங்கள் உலகத்தை விட்டுப் போகும் ஒரே வாசலும் அதுதான். அதை அடைத்துவிட்டு வேறு வாசல் திறக்காவிட்டால் ஆறே மாதத்தில் சந்தை முழுக்க வாள், விலை பூஜ்யம். ஆகவே வாசலை இடம் மாற்றுங்கள். மேம்படுத்தும் வாள் உடையாது. ஒவ்வொரு தட்டுக்கும் அதே வகைச் சாதாரண வாள் ஒன்றைத் தீனியாகக் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன அதே விழுக்காடுகளுக்குச் சராசரித் தட்டுகள் 1.67, 2.5, 2.5, 5, 5, 10. மொத்தம் 27 வாளுக்குள். இது மிக மலிவு. தீனியைப் படிக்குப் படி 1, 1, 2, 2, 3, 4 வாள் என்று ஏற்றினால் சராசரி 74 வாள். இப்போது +10 என்பது எட்டாக்கனியும் இல்லை, இனாமும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் சாதாரண வாளுக்கும் வாங்க ஆள் கிடைக்கும். செந்தூல்காரர் இதைக் கவனிக்க: உங்கள் நான்காவது கட்டம் இப்படித்தான் நிரம்பும்.

இன்னொன்று துரதிர்ஷ்டக்காரர்களின் கணக்கு. 25 விழுக்காடு என்று எழுதியிருக்கும் படியில் ஒருவர் தொடர்ந்து 12 முறை தோற்கும் வாய்ப்பு 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 300 பேர் முயன்றால் சராசரி 9 பேருக்கு அது நடக்கும், வாட்ஸ்அப் குழுவில் பேசப்போவது அந்த 9 பேர்தான். வார்கிராஃப்ட் 3இல் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். 25 விழுக்காடு என்றால் முதல் தட்டில் உண்மையில் 8.5 மட்டும், தோற்கத் தோற்க 8.5 கூடிக்கொண்டே போகும். 12ஆவது தட்டு உறுதி. சராசரி என்னவோ அதே நான்கு தட்டுதான். ஆனால் 10 விழுக்காட்டுப் படிக்கு இதே முறை சரிப்படாது. 1.47இல் தொடங்கி ஏறுவதால் உறுதி கிடைப்பது 68ஆவது தட்டில். அதற்கு நேரான எண்ணிக்கை வையுங்கள்: 20ஆவது தட்டு நிச்சயம். கூட்டு (சீட்டு) பிடிக்கும் வீடுகளில் எல்லாருக்கும் ஒருநாள் முறை வந்துவிடுவதுபோல. (1971 சட்டப்படி மலேசியாவில் கூட்டு தடை, விளையாட்டுக்குள் யாரும் கேட்கப் போவதில்லை.) இந்த உறுதியைச் சேர்த்தால் சராசரி 10 தட்டிலிருந்து 8.8ஆக இறங்கும். பழைய சராசரியே வேண்டுமென்றால் ஒரு தட்டின் வாய்ப்பை 8.2 விழுக்காடாக்கி, அந்த 8.2ஐயே திரையிலும் காட்டுங்கள்.

தோல்வி எண்ணிக்கையை எங்கே சேமிக்கிறீர்கள் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். நினைவகத்தில் மட்டும் வைத்தால் லாக்அவுட் ஆனதும் அழிந்துபோகும். ஆட்டக்காரரின் கணக்கில் வைத்தால் ஆள் மலிவான கத்தியில் 19 தோல்வி சேர்த்துக்கொண்டு, 20ஆவது தட்டை விலையுயர்ந்த வாளில் அடிப்பார். அந்தந்த ஆயுதத்தின் பதிவில், அந்தந்தப் படிக்குத் தனியாக எழுதுங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: தாக்குதலிலிருந்து கவசத்தைக் கழிக்கும் எளிய சூத்திரம்தான் எங்களுடையது. புதிய செட் கவசத்தை வெறும் 50 கூட்டியது. அதைப் போட்டவன் சாவதே இல்லை. ஏன்?

பதில்: கழித்தல் என்பதால்தான். எதிரியின் அடி 120, கவசம் 70 என்றால் உள்ளே போவது 50. அதில் 50 கூட்டினால் மிச்சம் பூஜ்யம். முதல் 50 கவசம் ஒன்றும் பெரிதாகச் செய்யாது, கடைசி 50 ஆளைச் சாகாவரம் பெற்றவனாக்கிவிடும்.

விகிதச் சூத்திரத்துக்கு மாறுங்கள். தடுக்கும் பங்கு = கவசம் ÷ (கவசம் + நிலை எண்). நிலை எண் 1,000, உயிர் 5,000 என்று வைத்துப் பாருங்கள். கவசம் 500 என்றால் மூன்றில் ஒரு பங்கு தடுக்கும், ஆளைச் சாய்க்க 7,500 அடி வேண்டும். 1,000 என்றால் பாதி தடுக்கும், 10,000. 2,000 என்றால் மூன்றில் இரண்டு, 15,000. விழுக்காடு மெதுவாக ஏறுவதைப் பார்த்துவிட்டு "கவசம் வேஸ்ட்" என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். தாங்கும் அடியைப் பாருங்கள்: ஒவ்வொரு 500 கவசமும் அதே 2,500தான் கூட்டுகிறது. குணத்தாளில் அந்த எண்ணையே காட்டிவிட்டால் சண்டை ஓயும்.

நிலை எண்ணை எதிரியின் லெவல் × 50 என்று வைத்தால் இன்னொரு நன்மை. 20ஆம் லெவல் எதிரிக்கு 1,000, 60ஆம் லெவல் எதிரிக்கு 3,000. 1,000 கவசம் முன்னவனிடம் பாதி தடுத்தது, பின்னவனிடம் 25 விழுக்காடுதான். பழைய கியர் தானாகவே வயதாகும். நீங்கள் போய் நெர்ஃப் செய்து (பலத்தைக் குறைத்து) திட்டு வாங்க வேண்டாம்.

தவிர்க்கும் வாய்ப்பு போன்ற விழுக்காட்டுக் குணங்களை மட்டும் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 75இலிருந்து 80க்குப் போனால் வாங்கும் அடி ஐந்தில் ஒரு பங்கு குறையும். 90இலிருந்து 95க்குப் போனால் பாதியாகும். அதே 5 விழுக்காடுதான். 75இல் கூரை போடுங்கள். சேதக் குறைப்பு தரும் இரண்டு மோதிரங்களைக் கூட்டாமல் பெருக்குங்கள்: 50ம் 50ம் கூட்டினால் 100, ஆள் சாக மாட்டான். பெருக்கினால் 25 விழுக்காடு உள்ளே போகும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: கியர் முறையை முழுவதும் மாற்றுகிறோம். பழைய செட் வைத்திருப்பவர்களை என்ன செய்வது? ஒருவர் இப்போதே "என் 6 மாத உழைப்பு" என்று நீண்ட கடிதம் போட்டிருக்கிறார்.

பதில்: அவர் கடிதத்தை அச்செடுத்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். புதிய முறை எவ்வளவு அழகாக இருந்தாலும் பழைய பெட்டியைத் திறந்ததும் அவர் பார்ப்பதுதான் உங்கள் பேட்ச்.

டேட்டாபேஸில் இரண்டு வகை டேபிள் இருக்கும். ஒன்று அச்சு: "இரும்பு வாள், தாக்குதல் 40" என்று ஒரே ஒரு வரி. மற்றது பிரதி: யாரிடம் எந்த வாள், +எத்தனை, என்ன கல் பதித்தது என்று ஆயுதத்துக்கு ஒரு வரி. அச்சில் எண்ணை மாற்றினால் உலகத்தில் உள்ள எல்லா இரும்பு வாளும் அந்த நொடியே மாறிவிடும். சின்னச் சரிக்கட்டலுக்கு அது போதும். மேம்பாட்டுப் படிகளின் அர்த்தமே மாறுகிறது என்றால் பிரதி டேபிளில் ஒவ்வொரு வரியையும் தொட வேண்டும். கைநடுங்க வேண்டிய இடம் அது.

முதலில் பழைய +எண்ணுக்குப் புதிய +எண் எது என்று ஒரு மாற்று அட்டவணை எழுதுங்கள். இங்கே முழுமையாக்குவது மேல்நோக்கி, ஆட்டக்காரருக்குச் சாதகமாக. (பட்டறைக்குக் கீழ்நோக்கி, மாற்றத்துக்கு மேல்நோக்கி. பட்டறை தினமும் ஓடும், மாற்றம் ஒரே ஒரு முறை.) புதிய முறையில் இடமே இல்லாத பொருள்களுக்கு, அவற்றில் போட்ட பொருள்களை முழுதாகத் திருப்புங்கள். இந்த ஒரு தடவை சேதாரம் பிடிக்க வேண்டாம்.

பிறகு நேரடி டேட்டாபேஸின் நகலில் ஓட்டுங்கள். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் மூன்று எண்ணை எடுத்து வையுங்கள்: மொத்த ஆயுதம், மொத்தப் பொருள்கள், மொத்தக் காசு. கணக்கு ஒத்துப்போகாவிட்டால் நிறுத்துங்கள். நிஜ நாளில் சர்வரை மூடி, பேக்கப் எடுத்து, 5,000 வரி 5,000 வரியாக மாற்றுங்கள். மாற்றிய ஒவ்வொரு வரியிலும் "மாற்றியாயிற்று" என்று ஒரு அடையாளம், அதே டேட்டாபேஸ் பரிவர்த்தனைக்குள்ளேயே (முழுதும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) விழ வேண்டும். இல்லையென்றால் பாதியில் மின்சாரம் போய் ஸ்க்ரிப்டை மறுபடி ஓட்டும்போது முதல் பாதிக்காரர்களுக்கு இரட்டைப் பரிசு. இந்தத் தவறு நடக்காத சர்வர் அபூர்வம்.

எல்லாரும் மறப்பது பொருள் ஒளிந்திருக்கும் இடங்களை. பையும் பெட்டகமும் நினைவுக்கு வரும். அஞ்சல் பெட்டியில் 3 மாதமாகத் திறக்காமல் கிடப்பது? ஏலத்தில் தொங்குவது? கில்ட் (ஆட்டக்காரர் குழு) பெட்டகம், வளர்ப்புப் பிராணியின் பை, கடைக்காரனின் திரும்ப-வாங்கும் பட்டியல்? இவை தனித்தனி டேபிளில் இருந்தால் மாற்றம் அவற்றைத் தொடாது. பேட்ச் வந்த மறுநாள் ஒருவர் அஞ்சலிலிருந்து பழைய +10ஐ எடுத்து மாட்டிக்கொண்டு ஊர்வலம் வருவார். மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே ஏலத்தையும் அஞ்சலில் பொருள் அனுப்புவதையும் மூடிவிட்டு, இருப்பதை உரியவர் பைக்குத் திருப்பிவிடுவது எளிது.

அறிவிப்பைக் குறைந்தது 4 வாரம் முன்பே போடுங்கள், மாற்று அட்டவணையோடு. சந்தை ஆடும், ஆடட்டும். உள்ளே இருப்பவர்களின் நண்பர்களுக்கு மட்டும் முன்கூட்டித் தெரிந்து அவர்கள் வாங்கிக் குவிப்பதைவிட அது மேல்.

இன்னொரு எச்சரிக்கை. மாற்றும் வேகத்தில் குணங்களை வேண்டியபடி மாற்றும் வசதியையும் சேர்க்கலாமே என்று தோன்றும். வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2010இல் ரீஃபோர்ஜிங் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு குணத்தின் ஒரு பகுதியை இன்னொன்றாக மாற்றலாம். புதிய காலணி ஒன்று கிடைத்தால் போதும், மொத்த உடுப்புக்கும் வெளியே ஒரு கால்குலேட்டரைத் திறந்து கணக்குப் போட வேண்டியதாயிற்று. 2014இல் எடுத்துவிட்டார்கள்.

ஈப்போ சாலை வாசகர்: ஆட்டக்காரர்கள் கியரை நிஜக் காசுக்கு விற்றுக்கொள்ள நாங்களே ஒரு சந்தை வைத்து, 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) 5 வெள்ளி கமிஷன் எடுத்தால் என்ன?

பதில்: டியாப்லோ 3 செய்து பார்த்தது. 2012இல் விளையாட்டோடு ஏலச் சந்தையும் வந்தது, நிஜப் பணத்துக்கு விற்கும் பிரிவு அடுத்த மாதம் சேர்ந்தது. நல்ல கியர் அரக்கனை அடித்துக் கிடைப்பதைவிடச் சந்தையில் சுலபமாகக் கிடைத்தது. அப்புறம் அடிப்பானேன்? 2014 மார்ச் 18இல் சந்தையை மூடினார்கள். அதற்கு முந்தைய மாதமே, விழும் பொருள் அடித்தவரின் பாத்திரத்துக்குப் பொருந்தும்படி லூட் முறையையும் மாற்றியிருந்தார்கள்.

விளையாட்டுக் காசுச் சந்தையே போதும். உச்சக் கியரை மாட்டியதும், பிறகு விற்க முடியாதபடி ஆளோடு ஒட்டிக்கொள்ளச் செய்யுங்கள். பொருள்களைத் தாராளமாக விற்கலாம். விற்பனைக்கு ஒரு சிறு வரி போடுங்கள். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் 2021 டிசம்பரில் 1 விழுக்காடு வரி கொண்டுவந்து, அந்தக் காசில் ஒரு பகுதியைக் கொண்டு சந்தையில் தேங்கிய பொருள்களைத் தானே வாங்கி அழிக்கிறது. அதுவும் சேதாரம்தான், யாருக்கும் வலிக்காத சேதாரம்.

மேம்பாட்டுச் சீட்டைக் காசுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் வாய்ப்பு விழுக்காட்டை வெளியே எழுதுங்கள், மாற்றினால் மாற்றிய அன்றே சொல்லுங்கள். மேப்பிள்ஸ்டோரியில் க்யூப் என்ற மேம்பாட்டுப் பொருளின் வாய்ப்புகளைச் சொல்லாமல் மாற்றியதற்காக 2024 ஜனவரியில் அதை நடத்தும் நெக்சனுக்குத் தென்கொரியாவின் நியாய வணிக ஆணையம் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச் 22 முதல் வாய்ப்புகளை வெளியிடுவது அங்கே சட்டப்படி கட்டாயம்.

ஜெலுத்தோங் வாசகர்: புதிய முறையில் பலமான கியரை மாட்டினால் ஆள் பார்க்கக் கோமாளி மாதிரி இருக்கிறான் என்று புகார்.

பதில்: பலம் ஒரு பொருளிலிருந்து, தோற்றம் இன்னொன்றிலிருந்து எடுக்கவிடுங்கள். வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2011இல் 4.3 பேட்சில் செய்தது அதுதான். தோற்றம் மாற்றக் காசு வாங்குங்கள். ஆட்டக்காரர் மனமுவந்து கொடுக்கும் வரி இது ஒன்றே.

ஜார்ஜ்டவுன் மாணவி: வணக்கம். இறுதியாண்டுத் திட்டத்துக்காக ஆயுதப் பெயர்களைத் தமிழில் வைத்தேன். "இரும்புக் கேடயம்" என்பது "இரும்புக் க" என்று வருகிறது. சில பெயர்களின் முடிவில் கட்டம் வருகிறது. தேடினாலும் சில ஆயுதங்கள் கிடைப்பதில்லை.

பதில்: தமிழில் வைத்ததற்கு முதலில் ஒரு சபாஷ், தங்கையே. மூன்றும் மூன்று தனித்தனிக் கோளாறு.

பெயருக்கு 32 பைட் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். கடைசி ஒன்று முடிவுக் குறிக்குப் போனால் 31. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். "இரும்புக்" என்பதில் இ, ர, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி, க, புள்ளி என்று 9 குறியீடு, 27 பைட். இடைவெளி 1. மிச்சம் 3 பைட்டில் "க" மட்டும் ஏறியது. ஏகாரக் குறி அதற்கு அடுத்துத்தான் சேமிக்கப்படும் என்பதால் வெளியே நின்றுவிட்டது. இடைவெளி இல்லாத நீளப் பெயர் என்றால் 10 குறியீடு போக ஒரு பைட் உடைந்து மிஞ்சும். அதுதான் நீங்கள் பார்க்கும் கட்டம். இடத்தை 96 பைட்டாக்கினால் தற்காலிகமாகச் சரியாகும். உண்மையான திருத்தம், நெட்வொர்க்கில் பெயரையே அனுப்பாமல் ஆயுத எண்ணை மட்டும் அனுப்பி, பெயரை ஆட்டக்காரரின் கணினியிலேயே எடுத்துக்கொள்வது.

யூனிட்டியில் (விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்) எழுத்தைக் காட்ட டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ பயன்படுத்தினால் முழுப் பெயர் வந்தாலும் "கே"யின் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும் வேலையை அது செய்வதில்லை. கோடாட் 4 என்ற இன்னொரு மென்பொருள் இயல்பாகவே செய்கிறது. யூனிட்டியை விட முடியாதென்றால், பெயர்களைப் படங்களாக முன்கூட்டியே தயாரித்து ஒட்டுவது 30 ஆயுதத்துக்குச் சாத்தியம், 300க்கு இல்லை.

தேடல் கிடைக்காதது "கொடுவாள்" மாதிரிப் பெயர்களில்தானே? "கொ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு வேறு வேறு சொல். பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்ப்பது) மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். ஏற்கெனவே சேமித்த பெயர்களையும் ஒருமுறை அதே வடிவத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். பிரிக்பீல்ட்ஸ்காரருக்குச் சொன்னபடி, முதலில் நகலில்.